இருபது சென்டிமீட்டர் டிராஃப்டும் இரண்டு சர்டிபிகேட்டும்

கேள்வி:

நான் ஒரு பொதுச் சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசராக இருக்கிறேன். 1998-இல் கட்டிய கப்பல். நீளம் 90 மீட்டர், கிராஸ் டன்னேஜ் 2956, கோடைகால டிராஃப்ட் (தண்ணீருக்குள் இறங்கும் ஆழம்) 5.40 மீட்டர். உரிமையாளர் மாறியிருக்கிறார். வரும் டிரை டாக்கில் இரண்டு வேலை செய்யப்போகிறார்கள். டிராஃப்டை 5.60 மீட்டராக்கி அதிகச் சரக்கு ஏற்றுவது ஒன்று. மேல்தளத்தில் நான்கு கேபினும் ஒரு ஸ்டோரும் சேர்ந்த, சுமார் 200 கன மீட்டர் டெக்ஹவுஸ் கட்டுவது இன்னொன்று. "லோட் லைன் (எவ்வளவு ஆழம் வரை ஏற்றலாம் என்ற குறி) சர்டிபிகேட்டுக்கு இன்னும் 3 வருஷம் இருக்கிறது. டன்னேஜ் சர்டிபிகேட்டுக்குக் காலாவதியே கிடையாது. குறியை மட்டும் உயர்த்தி வரைந்தால் போதும். சரக்குக் குறைந்தால் பழைய டிராஃப்டுக்கே திரும்பிக்கொள்ளலாம்" என்கிறார் எங்கள் சூப்பரின்டெண்டென்ட். இடையில் விதிகளும் திருத்தப்பட்டதாகச் சொல்கிறார்கள். அது எங்கள் கப்பலைத் தொடுமா? என்னிடம் இருப்பது 3000 டன்னேஜுக்குக் குறைவான கப்பல்களுக்கான தகுதிச் சான்றிதழ்.

பதில்:

கடைசி வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியது போலத் தெரிகிறது. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அந்த டெக்ஹவுஸ் கட்டி முடிந்த பிறகு இதே கப்பலில் சீஃப் ஆபீசராக நீங்கள் தொடர முடியாமல் போகலாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

1969 டன்னேஜ் உடன்படிக்கையின்படி கிராஸ் டன்னேஜ் என்பது கப்பலின் மூடிய இடங்கள் அனைத்தின் கொள்ளளவிலிருந்து வரும் எண். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதற்கு அலகும் இல்லை. மொத்தக் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து, அதன் 10 அடிமான மடக்கையை 0.02-ஆல் பெருக்கி, 0.2-ஐக் கூட்டினால் ஒரு குணகம் கிடைக்கும். அதைக் கொள்ளளவோடு பெருக்கினால் கிராஸ் டன்னேஜ். உங்கள் கப்பலுக்கு 2956 வரவேண்டுமென்றால் கொள்ளளவு ஏறக்குறைய 10,540 கன மீட்டர் இருக்கும். 200-ஐக் கூட்டி 10,740-க்குப் போட்டுப் பாருங்கள். 3013 வருகிறது.

3000 கடல் விதிகளில் ஒரு பெரிய வாசற்படி. மாலுமிகளின் பயிற்சி, தகுதி பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை மாஸ்டருக்கும் சீஃப் மேட்டுக்கும் 500 முதல் 3000 வரை ஒரு தகுதி, 3000-க்கும் அதற்கு மேலும் இன்னொரு தகுதி என்று பிரித்து வைத்திருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் விதிகளில் சரக்குக் கப்பல்களுக்கு வி.டி.ஆர். எனும் பயணத் தரவுப் பதிவுக் கருவி தேவைப்படுவதும், இரண்டாவது ரேடார் தேவைப்படுவதும் இதே 3000-இல்தான். நான்கு கேபினும் ஒரு ஸ்டோரும் கட்டப்போய் பிரிட்ஜில் இத்தனை செலவு வந்து நிற்கும் என்று உங்கள் அலுவலகம் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. உங்கள் மாஸ்டரின் சான்றிதழ் எந்த வகை என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

நான் போட்டது தோராயக் கணக்கு. உண்மையான கொள்ளளவு உங்கள் டன்னேஜ் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு கட்டலாம் என்பது தெளிவாகிவிடும். என் கணக்கில் புதிய கட்டுமானம் 150 கன மீட்டருக்குள் நின்றால் எண் 2999-இல் நிற்கிறது. ஆனால் அது மயிரிழையில் தப்பும் கணக்கு. வெல்டர் ஒரு தடுப்பை அரை அடி தள்ளி வைத்தால்கூடப் போய்விடும். குறைக்கத்தான் வேண்டுமென்றால் ஸ்டோரைக் குறையுங்கள், கேபின்களில் கை வைக்காதீர்கள். மூடிய இடம் எல்லாமே எண்ணில் சேரும் என்பதால் மாலுமிகளின் அறைகளைச் சுருக்குவது இந்தத் தொழிலில் ரொம்ப நாளாக நடக்கிற அநியாயம். எட்டு மாதம் அந்த அறையில் தூங்கப்போவது வரைபடம் போடுகிறவர் இல்லை.

ஸ்டோரின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தால் கணக்கில் வராதே என்று யாராவது சொல்வார்கள். என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். திறந்த இடங்களுக்கு விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் அங்கே பொருள் வைக்க அலமாரியோ, கட்டி நிறுத்த வசதியோ இருந்தாலும், திறப்பை மூட ஏற்பாடு இருந்தாலும், மூடுவதற்கு வாய்ப்பு இருக்கும்படி கட்டியிருந்தாலும்கூட அது மூடிய இடம்தான். ஸ்டோர் என்று பெயர் வைத்துவிட்டு அலமாரி இல்லை என்று சொல்ல முடியாது. பழைய காலத்தில் இந்த வித்தை செல்லுபடியானது. ஷெல்டர் டெக் கப்பல்களில் மேல்தளத்தில் ஒரு திறப்பு விட்டு, அதைத் தற்காலிகப் பலகையால் மூடி, ஒரு தளம் முழுவதையும் "திறந்த இடம்" என்று கணக்கிலிருந்து விலக்கி வைத்தார்கள். துறைமுகக் கட்டணம் மிச்சமாயிற்று, ஆனால் கடல் உள்ளே வர ஒரு வழியும் கிடைத்தது. 1969-இல் புதிய அளவீட்டு முறை எழுதியபோது அதற்குத்தான் முற்றுப்புள்ளி வைத்தார்கள். 1982 ஜூலை 18-இல் அது நடைமுறைக்கு வந்தது. பழைய கப்பல்களுக்கு 1994 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

இனி டிராஃப்ட். டன்னேஜ் சர்டிபிகேட்டுக்குக் காலாவதி இல்லை என்று உங்கள் சூப்பரின்டெண்டென்ட் சொன்னது பாதி சரி. அதில் முடிவுத் தேதி அச்சிடப்பட்டிருக்காது. ஆனால் இடங்களின் அமைப்பு, கட்டுமானம், கொள்ளளவு, பயன்பாடு, பயணிகள் எண்ணிக்கை, ஒதுக்கிய லோட் லைன், அனுமதித்த டிராஃப்ட் இவற்றில் ஏதாவது மாறி அதனால் கிராஸ் அல்லது நெட் டன்னேஜ் கூடவேண்டியிருந்தால் அந்தச் சர்டிபிகேட் செல்லாது என்று உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கப்பலில் கட்டுமானம், லோட் லைன் இரண்டுமே மாறுகின்றன.

லோட் லைன் மாறினால் டன்னேஜ் ஏன் மாறவேண்டும் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் அனுபவம் உள்ளவர்களும் சறுக்குகிற இடம் இது. கிராஸ் டன்னேஜ் டிராஃப்டைப் பார்ப்பதில்லை. நெட் டன்னேஜ் பார்க்கிறது. சரக்கு அறைகளின் கொள்ளளவிலிருந்து வரும் எண்ணை, டிராஃப்டுக்கும் கப்பலின் உயரத்துக்கும் (அடிப்பகுதியிலிருந்து மேல்தளம் வரை) உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்குகிறார்கள். நான்கு மடங்கு டிராஃப்டை மூன்று மடங்கு உயரத்தால் வகுத்து, வருவதை வர்க்கமாக்கவேண்டும். அது 1-ஐத் தாண்டினால் 1 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது டிராஃப்ட், உயரத்தில் முக்கால் பங்கை எட்டும்வரை நெட் டன்னேஜ் ஏறிக்கொண்டே போகும், அதற்குமேல் ஏறாது. உங்கள் கப்பலின் உயரம் 7.60 மீட்டர், சரக்கு அறைகள் 5,800 கன மீட்டர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 5.40 டிராஃப்டில் நெட் டன்னேஜ் 1432. 5.60-இல் 1541. இருபது சென்டிமீட்டருக்கு 109 கூடுகிறது. நெட் டன்னேஜை வைத்துக் கட்டணம் வாங்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் இந்த வித்தியாசத்தைக் கட்டவேண்டும். கூடுதலாக ஏற்றுகிற சில நூறு டன் சரக்கின் வருமானம் அதற்கு மேல் வரலாம். ஆனால் கட்டணம் எல்லாப் பயணத்துக்கும் உண்டு, முழுச் சரக்கு எல்லாப் பயணத்திலும் கிடைப்பதில்லை.

"பழைய டிராஃப்டுக்கே திரும்பிக்கொள்ளலாம்" என்ற யோசனை இங்கேதான் அடிபடுகிறது. நெட் டன்னேஜ் கூடினால் உடனே நடைமுறைக்கு வந்துவிடும். குறைந்தால், இப்போதுள்ள சர்டிபிகேட் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் ஆகும்வரை புதியது கிடைக்காது. சரக்கு வரும்போது குறியை ஏற்றி, வராதபோது இறக்கி விளையாடுவதைத் தடுக்கவே இந்த விதி. விலக்குகள் சில உண்டு. கப்பல் வேறு நாட்டுக் கொடிக்கு மாறினால் காத்திருக்க வேண்டாம். மேற்கட்டுமானத்தை அகற்றி லோட் லைனையே மாற்றவேண்டி வருவது போன்ற பெரிய மாற்றம் என்றாலும் வேண்டாம். புனித யாத்திரை போன்ற பயணங்களில் படுக்கை இல்லாத பயணிகளைப் பெருமளவில் ஏற்றும் கப்பல்களுக்கும் விலக்கு இருக்கிறது. உங்களுடையது இவற்றில் எதிலும் வராது. ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உரிமையாளர் மாறியதாக எழுதினீர்கள், கொடியும் மாறியதா? மாறியிருந்தால் பழைய டன்னேஜ் சர்டிபிகேட் அதிகபட்சம் 3 மாதம்தான் தாங்கும், புதிய கொடி நாடு அதற்குள் தன் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டால் அன்றோடு பழையது முடிந்தது.

அப்புறம் லோட் லைன். குறியை உயர்த்தி வரைந்தால் போதும் என்ற பேச்சைப் படித்ததும் எனக்கு 1876 ஞாபகம் வந்தது. சாமுவேல் பிளிம்சாலின் போராட்டத்துக்குப் பிறகு பிரிட்டனில் கப்பல்களில் குறி போடவேண்டும் என்று அந்த ஆண்டு சட்டம் வந்தது. ஆனால் எங்கே போடுவது என்பதை உரிமையாளரிடமே விட்டுவிட்டார்கள். உயரத்தைக் கணக்கிட்டு நிர்ணயிக்கும் சட்டம் வர 1890 ஆயிற்று. அந்தப் பதினான்கு வருடமும் வட்டம் இருந்தது, அதற்குப் பின்னால் கணக்கு இல்லை. உங்கள் சூப்பரின்டெண்டென்ட் சொல்வது அந்த வட்டத்தைத்தான்.

ஃப்ரீபோர்டை, அதாவது நீர்மட்டத்துக்கு மேல் தளம் வரை உள்ள உயரத்தை, குறைக்கவேண்டுமென்றால் கொடி நாடோ அதன் சார்பில் கப்பலைச் சோதித்துச் சான்று தரும் கிளாஸ் நிறுவனமோ கப்பலின் ஃப்ரீபோர்டை மறுபடி கணக்கிட்டுப் புதிய சர்டிபிகேட் தரவேண்டும். பழையதில் 3 வருடம் மிச்சம் இருப்பது இதற்கு உதவாது, ஏனென்றால் அது 5.40-க்கான சர்டிபிகேட். முதலில் பார்க்கவேண்டியது, உங்கள் கப்பலின் விதிப்படியான குறைந்தபட்ச ஃப்ரீபோர்டு எவ்வளவு என்பது. கட்டணம் மிச்சம் பிடிக்க முன்னாள் உரிமையாளர் தேவைக்கு அதிகமான ஃப்ரீபோர்டு கேட்டு வாங்கியிருந்தால் 20 சென்டிமீட்டர் இறங்க இடம் இருக்கும். இல்லாவிட்டால் பேச்சே இல்லை. இடம் இருந்தாலும், 5.60 டிராஃப்டுக்கு உடற்கட்டின் வலிமை போதுமா, முன்பகுதி உயரம் விதிக்கு நிற்குமா, ஸ்டெபிலிட்டி (கவிழாமல் நிற்கும் தன்மை) எப்படி என்று பார்க்கவேண்டும். ஸ்டெபிலிட்டி புக்லெட்டைப் புதிதாக எழுதி ஒப்புதல் வாங்கவேண்டும். டெக்ஹவுஸ் இங்கே மறுபடி வருகிறது. அது கப்பலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போகவில்லை என்றால் மேற்கட்டுமானம் என்ற சலுகை ஃப்ரீபோர்டு கணக்கில் கிடைக்காது. டன்னேஜ் கணக்கிலோ முழுசாகச் சேரும். எடையும் உயரத்தில் ஏறும். அதிக டிராஃப்ட், உயர்ந்த ஈர்ப்பு மையம் இரண்டும் ஒரே டாக்கில் வருவதால், கப்பலைச் சற்றுச் சாய்த்து ஈர்ப்பு மையத்தை அறியும் இன்கிளைனிங் சோதனை வேண்டுமா என்று கிளாஸிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டாக்கை விட்டுக் கிளம்புகிற நாளில் அந்தக் கேள்வி வந்தால் எல்லாருக்கும் கஷ்டம்.

தளத்தில் இருக்கும் சாமான்களை நீங்களே இப்போது ஒரு டேப்போடு சுற்றிவந்து அளந்துவிடலாம். சரக்கு அறை வாயைச் சுற்றிய விளிம்பான ஹேட்ச் கோமிங், விதி சொல்லும் முதல் நிலையில் (ஃப்ரீபோர்டு தளம் போன்றவை) 600 மில்லிமீட்டர், இரண்டாம் நிலையில் 450. ஃப்ரீபோர்டு தளத்தில் ஏர் பைப் 760, மேற்கட்டுமானத் தளத்தில் 450. வென்டிலேட்டர் கோமிங் அதே இரண்டு நிலைகளில் 900, 760. கைப்பிடிக் கம்பி ஒரு மீட்டர். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய கப்பலில் இவை வரைபடத்தில் இருப்பதுபோலவே இருக்கும் என்று நம்பாதீர்கள். தளத்தில் தகடு மாற்றும்போது ஏர் பைப்பை வெட்டிக் குட்டையாக்கி ஒட்டவைத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹேட்ச் கவர் ரப்பரும் அதை இறுக்கும் கிளீட்டும் எப்படி இருக்கின்றன என்பது உங்களைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. அதை எழுதிக் கொடுங்கள். 20 சென்டிமீட்டர் இறங்கினால் அலை அந்த மூடிக்கு 20 சென்டிமீட்டர் நெருங்கும்.

விதி திருத்தம் பற்றிக் கேட்டீர்கள். 1966 லோட் லைன் உடன்படிக்கையைத் திருத்துவது ரொம்பக் கடினமாக இருந்தது. திருத்தம் அமலாக மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் எழுத்தில் ஏற்கவேண்டும். 1971, 1975, 1979, 1983 என்று வரிசையாகத் திருத்தங்கள் எழுதினார்கள், போதிய நாடுகள் ஏற்காததால் அவை அப்படியே கிடந்தன. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1988 புரோட்டோகால் வந்தது. குறித்த தேதிக்குள் போதிய நாடுகள் ஆட்சேபிக்காவிட்டால் திருத்தம் ஏற்கப்பட்டதாகும் என்று அது மாற்றியது. அதுவே நடைமுறைக்கு வர 2000 பிப்ரவரி ஆகிவிட்டது. அதன்கீழ் 2003-இல் செய்த பெரிய திருத்தம் 2005 ஜனவரி 1 முதல் அமலானது. முன்பகுதி ஹேட்ச் கவர்களின் வலிமையும் முன்பகுதி உயரமும் அதில் முக்கியமானவை. அதற்குப் பின்னால் டெர்பிஷைர் இருக்கிறது. 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே ஒரு சூறாவளியில் அந்தப் பெரிய கப்பல் 44 பேரோடு மூழ்கியது. 1994-இல் சிதைவைக் கண்டுபிடித்து ஆராய்ந்த பிறகுதான், முன்பகுதியில் தண்ணீர் புகுந்து, கப்பல் முன்னால் தாழ்ந்து, ஹேட்ச் கவர் அலையின் கனத்தில் உடைந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்த 2003 திருத்தம் 2005 ஜனவரி 1 முதல் கீல் போட்ட, அதாவது கட்டத் தொடங்கிய, கப்பல்களுக்கானது. உங்களுடையது 1998. ஆகவே சும்மா ஓடிக்கொண்டிருக்கும்வரை பழைய விதியே. ஆனால் பெரிய மாற்றம் செய்தால், நியாயமும் சாத்தியமும் இருக்கும் அளவுக்கு அது புதிய கப்பலுக்கான விதியை நிறைவு செய்யவேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. எது பெரிய மாற்றம், எந்த அளவுக்கு நியாயம் என்பதைக் கொடி நாடு தீர்மானிக்கும். 1966-இல் அப்போதிருந்த பழைய கப்பல்களுக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? பழைய ஃப்ரீபோர்டிலேயே ஓடலாம், ஆனால் புதிய முறையில் ஃப்ரீபோர்டைக் குறைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் புதிய விதிகள் அத்தனையையும் நிறைவேற்றவேண்டும். அதிகம் ஏற்றும் உரிமை வேண்டுமென்றால் அதிகப் பாதுகாப்பைக் காட்டு என்பது அதன் பொருள். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது. உங்கள் கோரிக்கையைக் கொடி நாடு அந்தக் கண்ணோடு பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

குளிர்காலத்தையும் அலுவலகத்துக்கு ஞாபகப்படுத்துங்கள். கோடை டிராஃப்டில் 48-இல் ஒரு பங்கைக் குளிர்காலத்துக்குக் கழிக்கவேண்டும். 5.60-க்கு அது ஏறக்குறைய 117 மில்லிமீட்டர். 100 மீட்டர் வரை நீளமுள்ள கப்பல் என்பதால் வட அட்லாண்டிக் குளிர்காலப் பகுதியில் இன்னும் 50 மில்லிமீட்டர். அங்கே 5.43 மீட்டருக்குச் சற்று மேல்தான் ஏற்றமுடியும். 5.60 என்று ஒரே எண்ணைச் சரக்கு முகவரிடம் சொல்லிவிட்டு அப்புறம் மாஸ்டரை நெருக்கக்கூடாது. மண்டல எல்லைகளும் மாறுகின்றன. ஆப்பிரிக்காவின் தென்முனையில் குளிர்கால மண்டலத்தை 50 மைல் தெற்கே நகர்த்திய திருத்தம் 2014 ஜூலையில் அமலானது. உங்கள் சார்ட் ரூமில் இருக்கும் மண்டல வரைபடம் எந்தப் பதிப்பு என்று ஒருமுறை பாருங்கள்.

துறைமுகத்தில் மாட்டினால் என்ன ஆகும்? டன்னேஜ் சர்டிபிகேட்டை மட்டும் பார்த்துக் கப்பலைத் தாமதப்படுத்தக்கூடாது, கொடி நாட்டுக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். அதனால் சிலர் இதை அலட்சியப்படுத்துகிறார்கள். லோட் லைன் அப்படி இல்லை. அளவுக்கு மீறி ஏற்றியிருந்தாலோ, குறி இருக்கும் இடம் சர்டிபிகேட்டோடு ஒத்துப்போகாவிட்டாலோ சரிசெய்யும்வரை கப்பலை நிறுத்திவைக்கலாம். கிராஸ் டன்னேஜ் 3013 ஆன கப்பலில் 3000-க்குக் குறைந்த தகுதிச் சான்றிதழோடு அதிகாரிகள் இருந்தாலும் அதே கதிதான்.

ஆகவே அலுவலகத்துக்கு இப்போதே எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். டெக்ஹவுஸ் வரைபடத்தையும் 5.60 கோரிக்கையையும் ஒன்றாகவே கிளாஸுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவர் ஃப்ரீபோர்டை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் டன்னேஜை மட்டும் பார்ப்பார், 3000 நடுவில் நழுவிவிடும். தகடு வெட்டும் முன்பே உத்தேச கிராஸ், நெட் டன்னேஜ் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எண் மாறினால் குறைந்தபட்சப் பணியாளர் ஆவணம், பாதுகாப்புச் சர்டிபிகேட்டுகள், எண்ணெய் மாசுத் தடுப்புச் சர்டிபிகேட், காப்பீடு என்று டன்னேஜ் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். அதற்கு நாள் ஆகும். மேல்நிலைத் தகுதித் தேர்வுக்கு உங்களுக்குக் கடல் சேவை போதுமா என்பதையும் இந்த இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்கில் புதிய குறி போடும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். வட்டம் வெளிவிட்டம் 300 மில்லிமீட்டர், குறுக்குக் கோடு 450, கோட்டின் அகலம் 25. தகட்டில் நிரந்தரமாகப் பதியவேண்டும், சர்வேயர் அளந்து சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே சர்டிபிகேட் கைக்கு வரும். பழைய குறியை முழுசாகச் செதுக்கி எடுக்கச் சொல்லுங்கள். நான் சர்வேயராக ஏறிய ஒரு கப்பலில் பழைய வட்டத்தின் வெல்டை எடுக்காமல் மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். காலையில் எதுவும் தெரியவில்லை. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டம் எழும்பி நின்றது. டிராஃப்ட் பார்க்க வந்தவர் எந்த வட்டம் என்று கேட்டார், கப்பலில் இருந்த இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு டாக்கில் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.